கடைமடை வானம்

பசுமைவெளி விமான நிலையங்களுக்கென்று 2008இல் மத்திய அரசு ஒரு கொள்கை வகுத்தது. அதன்படி கொள்கையளவில் ஒப்புதல் பெற்ற ஊர்களின் பட்டியலில் கேரளத்தின் கண்ணூர், கோவாவின் மோப்பா, சிக்கிமின் பாக்யோங், நவி மும்பை ஆகியவற்றோடு காரைக்காலும் இருக்கிறது. கண்ணூரும் பாக்யோங்கும் 2018இல் திறக்கப்பட்டன. மோப்பாவில் 2023 ஜனவரியிலிருந்து விமானங்கள் இறங்குகின்றன. நவி மும்பை 2025 அக்டோபரில் திறப்பு விழா கண்டது. காரைக்காலில் மட்டும் ஒரு பயணிகள் விமானமும் இன்றுவரை இறங்கியதில்லை. அவ்வப்போது பேச்சு எழும், பிறகு அடங்கிவிடும்.

இது காரைக்காலுக்கு நேர்ந்த இழப்பு என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அதற்குக் காரணம் சொல்ல வேண்டுமென்றால் ஊர் அரசியலை விட்டுவிட்டு, விமானத்தின் எரிபொருள் தொட்டியிலிருந்து தொடங்க வேண்டும். அதற்கும் முன்னால், இந்தப் பகுதி மக்களுக்கும் வானத்துக்கும் உள்ள உறவைச் சொல்லியாக வேண்டும்.

காரைக்கால் நகரை ஒட்டியிருக்கிறது தருமபுரம், யாழ்மூரிநாதர் கோயில் இருக்கும் ஊர். மயிலாடுதுறைப் பக்கத்தில் ஆதீன மடம் இருக்கும் தருமபுரம் வேறு. இங்கிருந்தும் திருநள்ளாறு, நிரவி, கோட்டுச்சேரி, திருமலைராயன்பட்டினம் என்று சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் வெளிநாடு போனவர் இல்லாத தெரு அபூர்வம். வளைகுடாவில் பிழைக்கப்போன சபராளிகள், சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் தலைமுறைகளாக வேரூன்றிய உறவுகள், பிரெஞ்சுக் குடியுரிமையோடு பாரிஸ் பக்கம் போய்விட்ட சொல்தா (பிரெஞ்சுப் படைவீரர்) குடும்பங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரெயூனியனுக்கும் மார்த்தினிக்குக்கும் கரும்புத் தோட்டக் கூலிகளை ஏற்றிப்போன கப்பல்களில் பல காரைக்கால் துறையிலிருந்துதான் பாய் விரித்தன. பின்னாளில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ரஜூலா கப்பல் ஓடியது. அதற்குப் பிறகு எம்.வி. சிதம்பரம். 1985 பிப்ரவரியில் சிதம்பரம் கப்பலில் தீப்பிடித்ததோடு அந்தக் கடல் தடமே நின்றுபோனது. ஒரு வாரத்தை ஒட்டிய அந்தப் பயணத்தை இன்று திருச்சியிலிருந்து நாலு மணி நேரத்தில் முடிக்கிறோம். காரைக்காலிலிருந்து கார் பேசிக்கொண்டு ஏறத்தாழ 150 கிலோமீட்டர் போய்த் திருச்சியில் விமானம் ஏறுவது இந்த வீடுகளுக்குப் பழகிப்போன ராத்திரி. ஓடுபாதை இல்லாவிட்டாலும் காரைக்கால் பறக்கிற ஊர்தான்.

இனி உலகக் கணக்கு. 2019இல் உலகம் முழுவதும் சுமார் 450 கோடி விமானப் பயணங்கள் நடந்தன. கொரோனாவில் சரிந்த எண்ணிக்கை 2024இல் அந்த உயரத்தைத் தாண்டிவிட்டது. 2040களின் தொடக்கத்தில் அது 800 கோடியை நெருங்கும் என்பது விமான நிறுவனங்களின் சர்வதேசச் சங்கத்தின் கணிப்பு. அடுத்த 20 ஆண்டுகளில் உலகுக்கு நாற்பதாயிரத்துக்கு மேல் புதிய விமானங்கள் தேவைப்படும் என்று ஏர்பஸ்ஸும் போயிங்கும் தனித்தனியே சொல்கின்றன. அந்த வளர்ச்சியின் பெரும் பங்கு ஆசியாவில். இந்தியாவில் உள்நாட்டுப் பயணங்கள் 2014இல் ஏழு கோடிக்கும் குறைவு. 2024இல் பதினாறு கோடிக்கு மேல். விமானங்கள் வந்துபோகும் நிலையங்கள் அதே காலத்தில் 74லிருந்து இரு மடங்காகிவிட்டன. 2023 பிப்ரவரியில் ஏர் இந்தியா 470 விமானங்கள் வாங்குவதாக அறிவித்தது. நாலே மாதத்தில் இண்டிகோ ஒரே ஒப்பந்தத்தில் 500 விமானங்களுக்குக் கையெழுத்திட்டது.

இந்தப் பதினாறு கோடியைப் பதினாறு கோடி மனிதர்கள் என்று படித்துவிடக் கூடாது. ஒருவர் பத்து முறை பறந்தால் அது பத்துப் பயணம். 2018 நிலவரத்தை வைத்து 2020இல் வெளியான ஓர் ஆய்வு, அந்த 2018ஆம் ஆண்டில் உலக மக்களில் 11 சதவீதம் பேர்தான் விமானம் ஏறினார்கள் என்றது. நாடு விட்டு நாடு பறந்தவர்கள் அதிகம் போனால் 4 சதவீதம். பயணிகள் விமானங்கள் வெளியிடும் கரியமில வாயுவில் பாதிக்குக் காரணம் வெறும் ஒரு சதவீதத்தினர். இந்தியாவில் உள்நாட்டுப் பயணங்களை மக்கள்தொகையால் வகுத்தால் ஒன்பது பேருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு பயணம்தான் வரும். சீனாவில் இரண்டு பேருக்கு ஒன்று. அமெரிக்காவில் தலைக்கு இரண்டுக்கு மேல். வளர்ச்சி நிற்கும் இடம் இன்னும் வெகுதூரத்தில் இருக்கிறது என்பதை இந்த மூன்று எண்களே காட்டிவிடுகின்றன.

திருச்சியிலிருந்து சிங்கப்பூர் ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர். இந்தத் தூரத்துக்கு ஏற்ற ஏ320நியோ போன்ற விமானத்தில் சுமார் 180 பேர் உட்காரலாம். பறக்கும்போது மணிக்கு இரண்டிலிருந்து இரண்டரை டன் எரிபொருள் எரியும். நாலு மணி நேரத்துக்கு ஒன்பது, ஒன்பதரை டன் என்று வைத்துக்கொள்வோம். விமானத்தில் ஊற்றுவது நம் வீட்டு மண்ணெண்ணெயின் நெருங்கிய உறவு. அதில் ஒரு கிலோ எரிந்தால் 3.16 கிலோ கரியமில வாயு வரும், ஏனென்றால் எரிபொருளிலுள்ள கார்பன் காற்றிலிருந்து ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு எடை கூடுகிறது. ஆக ஒரு தடவைக்கு முப்பது டன். தலைக்கு 165 கிலோ, போய்வர 330. இதே கணக்கைச் சென்னையிலிருந்து 8,000 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பாரிஸுக்குப் போட்டால், போய்வர ஒருவருக்கு ஒரு டன்னை நெருங்கும். ஓர் இந்தியரின் ஆண்டு முழுவதுக்குமான சராசரி, அதாவது மின்சாரம், சிமெண்ட், போக்குவரத்து எல்லாவற்றையும் சேர்த்து, இரண்டு டன் அளவில்தான் இருக்கிறது.

எஞ்சின்கள் முன்னேறவில்லையா என்றால், வியக்கத்தக்க அளவில் முன்னேறியிருக்கின்றன. 1990க்கும் 2019க்கும் இடையில் ஒரு பயணியை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோக ஆகும் ஆற்றல் பாதிக்கும் கீழே இறங்கியது. பெரிய விசிறி வைத்த எஞ்சின்கள், கார்பன் இழைச் சிறகுகள், இருக்கை காலியில்லாமல் நிரப்பும் கணினிகள் எல்லாம் இதற்குக் காரணம். ஆனால் அதே காலத்தில் பறந்த மொத்தத் தூரம் நான்கு மடங்கானது. அதனால் கரியமில வாயு குறைவதற்குப் பதில் இரட்டித்து, ஆண்டுக்கு நூறு கோடி டன்னை எட்டியது. எரிபொருள் மிச்சமானால் டிக்கெட் மலிகிறது. டிக்கெட் மலிந்தால் முன்பு போகாதவரும் போகிறார், போனவர் இன்னொரு முறை போகிறார். ஏழைக்குப் பயணம் எட்டியதும் இதனால்தான் என்பதை மறக்கக் கூடாது. மலிவு டிக்கெட் இல்லையென்றால் தகப்பன் மவுத்துக்கு ஓடிவர முடிந்த சபராளிகள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

கார்கள் மின்சாரத்துக்கு மாறுகின்றன, விமானம் ஏன் மாறக் கூடாது? 2024 அக்டோபர் 11 மாலை திருச்சியிலிருந்து 141 பேரோடு ஷார்ஜாவுக்குக் கிளம்பிய விமானம் இதற்குப் பாதி விடை சொன்னது. கிளம்பியதும் ஹைட்ராலிக் கோளாறு தெரிந்தது. உடனே திரும்பி இறங்க முடியவில்லை, தொட்டி நிறைய எரிபொருள். அந்த எடையோடு தரை தொடுவது ஆபத்து. இரண்டு மணி நேரத்துக்கு மேல் வானத்தில் வட்டமடித்து, எரிபொருளை எரித்துத் தீர்த்து, பிறகே பத்திரமாக இறங்கியது. பயணத்துக்கான எரிபொருள் விமானத்தின் எடையில் அவ்வளவு பெரிய பங்கு. எரிய எரிய அந்த எடை குறைந்துகொண்டே வரும் என்பது மண்ணெண்ணெயின் பெரிய சலுகை. நடைப்பயணம் போகிறவர் கட்டுச்சோற்றை உண்ண உண்ண மூட்டை இலேசாவது போல. பேட்டரி அப்படியில்லை. தீர்ந்த பேட்டரியும் நிறைந்த பேட்டரியும் ஒரே எடை.

எண்ணிலேயே பார்த்துவிடலாம். ஒரு கிலோ விமான எரிபொருளில் 43 மெகாஜூல் ஆற்றல் அடங்கியிருக்கிறது. இன்றைய நல்ல லித்தியம் பேட்டரியில் ஒரு கிலோவுக்கு ஒரு மெகாஜூலுக்கும் சற்றுக் குறைவு. மின்மோட்டார் வீணாக்குவது குறைவு என்பதற்காகத் தாராளமாகச் சலுகை கொடுத்தாலும், ஒரு கிலோ எரிபொருள் செய்யும் வேலைக்கு இருபது கிலோ பேட்டரி வேண்டும். சிங்கப்பூர் போக ஒன்பதரை டன் எரிபொருள் என்றால் பேட்டரி 190 டன். ஏ320நியோ ஆள், பெட்டி, எரிபொருள் அனைத்தோடும் தரையை விட்டு எழும்ப அனுமதிக்கப்பட்ட உச்ச எடையே 79 டன். சிறிய விமானங்கள் சில நூறு கிலோமீட்டர் பறப்பதற்கு மின்சாரம் வரக்கூடும். கடல் தாண்டும் பயணத்துக்கு இப்போதைய வேதியியலில் வழியில்லை.

மிச்சமிருப்பது மாற்று எரிபொருள். இன்று அதில் பெரும்பகுதி பொரித்த எண்ணெயிலிருந்தும் கொழுப்பிலிருந்தும் வருகிறது. அந்த மூலக்கூறுகளிலிருக்கும் ஆக்சிஜனை ஹைட்ரஜனால் நீக்கிச் சங்கிலிகளை வேண்டிய நீளத்துக்கு வெட்டினால், மண்ணெண்ணெயோடு கலக்கத்தக்க திரவம் கிடைக்கும். அந்தக் கலவையைப் பழைய எஞ்சினில் அப்படியே ஊற்றலாம். வடைக்கடையில் கறுத்துப்போன எண்ணெயை மறுபடியும் வாணலியில் ஊற்றாமல் இதற்கு அனுப்புவது உடம்புக்கும் நல்லது. ஆனால் உலகத்துப் பொரித்த எண்ணெயையெல்லாம் திரட்டினாலும் விமானங்களின் பசி தீராது. 2024இல் மாற்று எரிபொருள் மொத்தத் தேவையில் 0.3 சதவீதம்தான். இந்தியாவிலிருந்து கிளம்பும் சர்வதேச விமானங்களுக்கு 2027இல் ஒன்று, 2030இல் ஐந்து சதவீதக் கலப்பு என்று இலக்கு வைத்திருக்கிறோம். 2023 மே மாதம் புனேயிலிருந்து டெல்லிக்குப் பறந்த ஒரு விமானத்தில் கரும்பின் வழியில் வந்த எரிபொருளை ஒரு சதவீதம் வரை கலந்து பார்த்தார்கள்.

கரும்பு என்றதும் டெல்டாக்காரனுக்குக் கவலை வர வேண்டும். எத்தனாலிலிருந்து விமான எரிபொருள் செய்யலாம், தொழில்நுட்பம் சரி. தண்ணீர் எங்கிருந்து? மேட்டூர் திறப்பை எதிர்பார்த்துக் குறுவையா சம்பாவா என்று ஆண்டுதோறும் தத்தளிக்கும் கடைமடையில், நெல்லுக்கே முறை வைத்துப் பாய்ச்ச வேண்டியிருக்கிறது. இன்னொரு வழி, காற்றாலையும் சூரியத் தகடும் தரும் மின்சாரத்தில் நீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுத்து, அதைக் கரியமில வாயுவோடு சேர்த்துச் செயற்கை மண்ணெண்ணெய் ஆக்குவது. நிலத்தையும் நீரையும் பெரிதாகக் கேட்காத வழி இதுதான். இது ஏராளமான மின்சாரத்தை விழுங்கும், விலை இன்று பல மடங்கு. எந்த நாட்டில் யாருடைய மின்சாரத்தில் அதைச் செய்வது என்ற கேள்வி இனிமேல்தான் வரப்போகிறது. 2050க்குள் நிகர வெளியீட்டைச் சுழியாக்குவோம் என்று உலக நாடுகள் 2022இல் சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பில் ஒப்புக்கொண்டிருக்கின்றன. அந்தச் சுழிக்குப் பின்னால் இன்னும் கட்டப்படாத ஆலைகள் நிற்கின்றன.

இடையில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. வளைகுடாவிலிருந்து தென்கிழக்காசியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போகும் விமானங்களில் பல தென்னிந்தியாவின் மேலேதான் கடந்து போகின்றன. அவை கீறிவிட்டுப் போகும் வெள்ளைக் கோட்டைப் பிள்ளைகள் ராக்கெட் புகை என்பார்கள். அது பனிக்கட்டித் துகள். ஒரு கிலோ எரிபொருள் எரிந்தால் ஒன்றேகால் கிலோ நீராவியும் வெளிவரும். பத்துப் பதினோரு கிலோமீட்டர் உயரத்தில், குளிர் மைனஸ் 40 டிகிரிக்குக் கீழே இருக்கும் இடத்தில், புகைக்கரியின் நுண்துகள்களைப் பற்றிக்கொண்டு அந்த நீராவி உறைகிறது. மேலே காற்று உலர்ந்திருந்தால் கோடு நிமிடத்தில் அழியும். ஈரம் மிகுந்திருந்தால் மணிக்கணக்கில் நின்று, பரந்து, மெல்லிய மேகமாகிவிடும். பகலில் அந்த மேகம் வெயிலையும் கொஞ்சம் திருப்பியனுப்பும். இரவில் திருப்பியனுப்ப வெயில் இல்லை. பூமியிலிருந்து மேலே போகும் வெப்பத்தைத் தடுப்பது மட்டுமே நடக்கும்.

மனிதர் வெளியிடும் கரியமில வாயுவில் விமானங்களின் பங்கு இரண்டரை சதவீதம். வெப்பமாக்கும் விளைவில் அவற்றின் பங்கு மூன்றரை சதவீதம். இந்த வேறுபாட்டில் பெரும்பகுதி அந்த வெள்ளைக் கோடுகளிலிருந்து வருகிறது. ஜப்பான் வானத்தை ஆராய்ந்து 2020இல் வந்த ஓர் ஆய்வில், நூற்றில் இரண்டு விமானங்களே கோடுகளின் வெப்ப விளைவில் ஐந்தில் நாலு பங்குக்குக் காரணம் என்று தெரிந்தது. ஈரமான அடுக்கு மெலிதானது. இரண்டாயிரம் அடி ஏறியோ இறங்கியோ பறந்தால் தப்பித்துவிடலாம். கூகுளும் அமெரிக்கன் ஏர்லைன்ஸும் 70 சோதனைப் பயணங்களில் இதைச் செய்து பார்த்து, கோடுகளைப் பாதிக்கு மேல் குறைத்ததாக 2023இல் அறிவித்தன. புது எஞ்சின் வேண்டாம், புது எரிபொருள் வேண்டாம். ஈரப்பதத்தைத் துல்லியமாகக் கணிக்கும் வானிலைத் தரவும், பாதையை மாற்றச் சொல்லும் கட்டுப்பாட்டு அறையும் போதும். சென்னைக் கட்டுப்பாட்டு வானத்தில் இதை ஏன் இன்னும் தொடங்கவில்லை என்று நம் பல்கலைக்கழகங்களும் வானிலைத் துறையும் உரக்கக் கேட்க வேண்டும்.

விமானங்கள் பெருகுவதால் கூடும் வெப்பம் கடைமடைக்கு வரும் வழி கடல். வட இந்தியப் பெருங்கடலின் மட்டம் 1993க்கும் 2017க்கும் இடையில் ஆண்டுக்குச் சுமார் 3.3 மில்லிமீட்டர் உயர்ந்ததாக புவி அறிவியல் அமைச்சகத்தின் மதிப்பீடு சொல்கிறது. கால் நூற்றாண்டில் எட்டு சென்டிமீட்டர். கேட்கச் சிறிதுதான். காரைக்கால் போன்ற தட்டையான நிலத்தில் எட்டு சென்டிமீட்டர் செங்குத்தாக ஏறினால், உப்பு கிடைமட்டமாக வெகுதூரம் உள்ளே வரும். அரசலாற்றின் முகத்துவாரத்தில் ஏற்றத்தின்போது கடல்நீர் எதிர்த்து ஏறுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1934இல் மேட்டூர் அணை வந்ததிலிருந்து ஆறு சுமந்துவந்த வண்டல் மேலேயே தங்கிவிடுகிறது. நிலம் தன்னைத் தானே உயர்த்திக்கொள்ளும் வழி அடைபட்ட நேரத்தில் கடல் உயர்கிறது. இதில் விமானத்தின் பங்கு சிறியதுதான், அதை மிகைப்படுத்தக் கூடாது. ஆனால் மின்சாரமும் கார்களும் சுத்தமாகிக்கொண்டு வரும்போது, எளிதில் சுத்தமாக முடியாத துறையின் பங்கு ஆண்டுதோறும் ஏறும்.

விமான நிலையங்களே இதற்குப் பலியாகின்றன என்பதுதான் வேதனை. கடல்வெள்ள ஆபத்தில் ஏற்கெனவே 269 விமான நிலையங்கள் இருப்பதாக 2021இல் வந்த உலகளாவிய ஆய்வு கணக்கிட்டது. ஆற்று வெள்ளமும் விட்டுவைப்பதில்லை. 2015 டிசம்பரில் சென்னை விமான நிலையம் நாள்கணக்கில் மூடிக் கிடந்தது. அதன் இரண்டாவது ஓடுபாதை அடையாற்றின் மேல் பாலம் போட்டு நீட்டப்பட்டது. ஆறு பெருகியபோது தன் இடத்தைக் கேட்டது. 2018 ஆகஸ்டில் பெரியாறு பெருகி, கொச்சி நிலையம் இரண்டு வாரம் இயங்கவில்லை. சூரிய ஒளியில் மட்டுமே இயங்கும் உலகின் முதல் விமான நிலையம் என்று 2015இல் பெயர் வாங்கியது அதே கொச்சிதான். அந்தப் பெயருக்கு உரியது கட்டடத்தின் விளக்கும் குளிர்சாதனமும். விமானம் எரிப்பது அந்தக் கணக்கில் வராது.

வெயிலும் கணக்கில் உண்டு. 15 டிகிரியில் இருக்கும் காற்றைவிட 40 டிகிரிக் காற்று எட்டு சதவீதம் அடர்த்தி குறைந்தது. சிறகு பிடித்துக்கொள்ளும் காற்றும் எஞ்சின் உறிஞ்சும் காற்றும் அந்த அளவு மெலிவதால் இன்னும் நீளமாக ஓடித்தான் எழும்ப முடியும். இல்லாவிட்டால் ஆளையோ சரக்கையோ குறைக்க வேண்டும். கோடை உக்கிரமாக ஆக, ஓடுபாதைகள் நீண்டுகொண்டே போகும். நீளும் ஓடுபாதைக்கு நிலம் எங்கேயாவது கொடுத்தாக வேண்டும்.

அந்த நிலத்தைப் பற்றித்தான் நான் சொல்ல வந்தேன். காரைக்கால் மாவட்டமே 160 சதுர கிலோமீட்டர். ஜெட் விமானம் இறங்க இரண்டு கிலோமீட்டருக்கு மேல் ஓடுபாதை வேண்டும். வெள்ளம் ஏறாத உயரத்துக்கு மண் கொட்டி மேடாக்க வேண்டும். தண்ணீர் தானாக வடிய அங்குலச் சரிவை நம்பியிருக்கும் டெல்டாவில், குறுக்கே ஒரு நீண்ட மேடு போட்டால் மேற்கே இருப்பவன் வயல் தாளடிக் காலத்தில் குளமாகும். தமிழ்நாடு 2020இல் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்துச் சட்டம் இயற்றியது. புதுச்சேரி ஒன்றியப் பகுதியான காரைக்காலுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. சுற்றிலும் நாகையும் திருவாரூரும் காக்கப்பட்டு, நடுவில் இருக்கும் இந்த வயல்கள் மட்டும் காப்பில்லாமல் கிடக்கின்றன. நட்ட வயலில் கொக்கும் மடையானும் நாரையும் இறங்கும் ஊர் இது. தெற்கே கோடியக்கரைக்கு வலசை வரும் பறவைகளின் வழியும் இந்தக் கரையோரம்தான். எஞ்சினுக்குள் ஒரு நாரை போனால் என்ன ஆகும் என்பது விமானிகளுக்குத் தெரியும். அதைத் தடுக்க, பறவை வராத நிலமாக இதை மாற்ற வேண்டியிருக்கும். சென்னைக்கான புதிய விமான நிலையத்துக்குப் பரந்தூரில் ஏரிகளையும் வயல்களையும் விட்டுக்கொடுக்க மறுத்து ஏகனாபுரம் மக்கள் 2022இலிருந்து போராடுவதைப் பார்க்கிறோம். அங்கே சென்னையின் கோடிக்கணக்கான பயணிகள் என்ற காரணமாவது சொல்லப்படுகிறது.

இங்கே சொல்லப்படும் காரணம் திருநள்ளாறு, நாகூர், வேளாங்கண்ணி ஆகிய தலங்களுக்கு வரும் பக்தர்கள். இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை சனிப்பெயர்ச்சிக்கு இலட்சக்கணக்கில் கூட்டம் வருகிறது, உண்மை. சிறிய ஏடிஆர் விமானத்தில் 78 பேர் உட்காரலாம். நாளுக்கு ஆறு முறை நிறைந்து இறங்கினால் 468 பேர். ஒரே ஒரு ரயில் அதைவிட இரண்டு மடங்கு ஆட்களை இறக்கிவிடும். பேரளத்திலிருந்து திருநள்ளாறு வழியாகக் காரைக்காலுக்கு 23 கிலோமீட்டர் ரயில் பாதை 1980களில் மூடப்பட்டது. அந்தத் தடத்தில் இப்போது அகலப்பாதை போட்டிருக்கிறார்கள். அந்தப் பாதையில் எத்தனை வண்டி விடுவார்கள், சென்னைக்கும் திருச்சி விமான நிலையத்துக்கும் நேர வசதியோடு இணைப்பார்களா என்பதைத்தான் காரைக்கால் விடாமல் கேட்க வேண்டும். புதுச்சேரியின் அனுபவமும் கண்முன் இருக்கிறது. அங்கே 2013இல் விமானம் வந்தது, நின்றது. சிறு ஊர்களுக்கு விமானம் விடும் உடான் திட்டத்தில் 2017இல் மறுபடி வந்தது, பிறகு நின்றது. 2024 டிசம்பரில் ஏடிஆர் விமானங்களோடு இன்னொரு முறை தொடங்கியிருக்கிறது. ஒன்றரை கிலோமீட்டர் ஓடுபாதையும், ஒன்றியப் பகுதியின் தலைநகர் என்ற தகுதியும், சுற்றுலாவும் இருக்கிற ஊரின் கதை அது.

ஒரு காலத்தில் காரைக்காலை ஆண்ட பிரான்ஸ், ரயிலில் இரண்டரை மணி நேரத்துக்குள் போகக்கூடிய இடங்களுக்கு உள்நாட்டு விமானம் வேண்டாம் என்று சட்டம் போட்டு, 2023இலிருந்து பாரிஸ் ஓர்லியிலிருந்து நாந்த், லியோன், போர்தோ தடங்களை நிறுத்திவிட்டது. டிக்கெட் வரியையும் 2025 மார்ச்சில் பல மடங்கு உயர்த்தியது. அவர்களிடம் அதிவேக ரயில் இருக்கிறது, நம்மிடம் இல்லை. ஆனால் எந்தத் தடத்துக்கு விமானம், எந்தத் தடத்துக்கு ரயில் என்று ஓர் அரசு முடிவெடுக்க முடியும் என்பதை அது நிறுவியிருக்கிறது. நாகையிலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்கு 2023இல் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி தொடங்கிய கப்பலும் இதே வரிசையில் வர வேண்டிய பேச்சுதான்.

வரி என்று வரும்போது எச்சரிக்கை தேவை. 1944இன் சிகாகோ உடன்படிக்கையில் தொடங்கி, பிற்பாடு நாடுகள் தங்களுக்குள் செய்துகொண்ட ஒப்பந்தங்களால், சர்வதேச விமான எரிபொருள் பெரும்பாலும் வரியில்லாமலே எரிகிறது. 2027இலிருந்து இந்தியா சர்வதேசக் கரிம ஈட்டுத் திட்டத்தின் கட்டாயக் கட்டத்துக்குள் வருகிறது. 2019 அளவின் 85 சதவீதத்துக்கு மேல் போகும் வெளியீட்டுக்கு விமான நிறுவனங்கள் ஈடு வாங்க வேண்டும். அந்தச் செலவு டிக்கெட்டில்தான் ஏறும். எல்லார் டிக்கெட்டிலும் ஒரே அளவு ஏற்றினால், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பெட்டி கட்டிக்கொண்டு ஊருக்கு வரும் ஓட்டுநரும் மாதம் நாலு முறை பறக்கும் நிறுவன அதிகாரியும் ஒரே வீதத்தில் கட்டுவார்கள். பிரிட்டனில் சில காலமாகப் பேசப்படும் ஏற்பாடு வேறு மாதிரி. ஆண்டின் முதல் பயணத்துக்கு வரியே இல்லை, இரண்டாவதுக்குக் கொஞ்சம், ஐந்தாவதுக்கும் பத்தாவதுக்கும் கனமாக. பாஸ்போர்ட் எண்ணில்லாமல் எவரும் நாடு தாண்டிப் பறக்காத காலத்தில் இதைக் கணக்கிடுவது கடினமில்லை. திருச்சியில் 2024இல் திறந்த புதிய முனையம் ஆண்டுக்கு 44.5 லட்சம் பேரைக் கையாளக் கட்டப்பட்டது. அந்த முனையத்தின் வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் முதல் பயணக்காரர்களாகவே இருப்பார்கள் என்று நம்புகிறேன். அவர்களிடம் ஒரு ரூபாயும் கூடுதலாக வாங்காமலே இந்த வரியைத் தொடங்கலாம்.